பால் வாளியில் பிடியரிசி

நாளை ஆஸ்பத்திரிக்குப் போக என் துணிகளை எடுத்து வைக்கலாமென்று மருமகள் அலமாரியைத் திறந்தாள். நீ போன பிறகும் நான் பத்திரமாக வைத்திருந்த உன் பழைய பிஸ்கட் டின் கையில் அகப்பட்டது. "துரு ஏறிடுச்சு, தூக்கிப் போட்டுடவா மாமா?" என்றாள். வாங்கி மோந்து பார்த்தேன். பழைய அரிசியின் மணம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இத்தனை வருஷம் கழித்தும் ஒரு டின்னைப் பார்த்துப் பயப்படுகிறேன் என்றால் நீ சிரிப்பாய். சிரி. ஊரறிந்த பயந்தாங்கொள்ளிதானே நான்.

அந்த நாளில் மலாயா ரப்பர் தோட்டத்தில் நீ உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று இதில் போடுவாய். நம்மோடு சேர்த்து நான்கு கிறிஸ்தவக் குடும்பங்கள். எல்லார் வீட்டிலும் அதே வழக்கம். மாதம் ஒருமுறை சிரம்பானிலிருந்து வரும் போதகர் ஜெபித்து வாங்கிப்போவார். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டை என்று வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டான். சாலையில் சுடுகிறார்கள் என்று அவர் வருவது நின்றது. டின் நிறைந்துகொண்டே போனது.

நாம் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். அரிசி அளந்துதான் கிடைத்தது. ஒரு பிடி அரிசி வேலி வாசலைத் தாண்டினாலும் காட்டிலிருப்பவர்களுக்குக் கொண்டுபோகிறாய் என்பார்கள். மேல் லயத்துக்காரர் ஒருவரை அப்படித்தான் லாரியில் ஏற்றினார்கள். கப்பலில் இந்தியாவுக்கே அனுப்பிவிட்டதாகப் பேச்சு. பெண்டாட்டி பிள்ளைகள் இங்கேயே கிடந்தார்கள். அளவுக்கு மேல் அரிசி வைத்திருக்கிறோமா என வீடுகளையும் சோதிக்கப் போகிறார்கள் என்று ஆபீசில் கணக்கெழுதும் கிராணி சொன்ன அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

"ஆக்கித் தின்னுடலாம்லா," என்றேன்.

"அது நம்மளது இல்லைங்க. ஆண்டவருக்குத் தெரியாம ஒண்ணும் நடந்துடாது."

"அவரா வந்து போலீசுகிட்ட பேசுவாரு?" என்று கத்தினேன். நீ டின்னின் மூடியை அழுத்தி மூடினாய்.

மறுநாள் விடியலில் நீ தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து, டின்னை என் ரப்பர் பால் வாளியில் கவிழ்த்து மேலே துணியைப் போட்டேன். பாலெடுக்க மரம் வெட்டும் இடத்தில் மண்ணைத் தோண்டிப் புதைத்துவிடலாம் என்பது என் புத்தி. வீட்டில் இருந்த அரிசிக்காவது ஏதாவது காரணம் சொல்லியிருக்கலாம். வாசலைத் தாண்டும் அரிசிக்கு என்ன சொல்வது? பயம் அதைக்கூட யோசிக்க விடவில்லை. மற்ற நாட்களில் வேலி வாசலில் போலீஸ்காரர்கள் ஆண்களின் வாளியை எட்டிப் பார்த்துவிட்டு அனுப்புவார்கள். அன்றைக்கு ஒவ்வொன்றாகக் கவிழ்க்கச் சொன்னார்கள்.

எனக்கு முன்னால் மூன்று பேர். வாளி முழங்காலில் இடித்துக்கொண்டே இருந்தது. பெண்கள் வரிசையிலிருந்து நீ பார்த்தாய். உலை வைக்கும்போதே காலி டின்னைக் கண்டிருப்பாய். என் முகத்தைப் பார்த்ததும் மீதி புரிந்திருக்கும். நேராகக் கிராணியிடம் போனாய்.

"ஐயா, அவரு வாளில அரிசி இருக்கு. கோயிலுக்கு எடுத்து வச்சது. நாந்தான் போட்டேன். அவருக்கு ஒண்ணும் தெரியாது."

உன் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பொய் அது. நான் வாயைத் திறக்கவில்லை. உன்னை லாரியில் ஏற்றும்போதும் திறக்கவில்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ரெம்பாவ் போலீஸ் ஸ்டேஷனில் உன்னை ஆறு நாள் வைத்திருந்தார்கள். கப்பல், கப்பல் என்றே என் தலைக்குள் ஓடியது. ஜெபிக்க முழங்காலிட்டால் உன் பெயரைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. ஐந்தாம் நாள் மற்ற மூன்று வீட்டுப் பெண்களும் தங்கள் பிடியரிசி டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குப் போனார்கள். "எங்க வீட்லயும் இருக்கு. எங்களையும் புடிச்சிட்டுப் போங்க," என்று நின்றார்கள். அப்புறம்தான் எனக்கு ரோஷம் வந்தது. பின்னாலேயே ஓடி, வாளியில் கொட்டியது நான்தான் என்று கிராணியிடம் அழுதேன். அவர் நம் வழக்கத்தைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் எடுத்துச் சொன்னார். டப்பாக்களைப் பறித்துக்கொண்டு, என்னையும் மிரட்டி அனுப்பினார்கள். மறுநாள் உன்னை விட்டார்கள்.

நீ வீட்டுக்கு வந்தாய். முகம் கழுவி, உலை வைத்து, அளந்து வாங்கிய அரிசியில் ஒரு பிடி அள்ளினாய். கை ஆடியதில் பாதி தரையில் சிந்தியது.

"இன்னுமா? உனக்குப் பயமே இல்லையா?"

"பயமாத்தாங்க இருக்கு. பயம் போனப்புறம்தான் அவரை நம்பணும்னா, நான் எப்பத்தான் நம்புறது?"

நாளை என் நெஞ்சை அறுக்கப் போகிறார்கள். கண் விழிப்பேனா தெரியாது. டின்னைத் தூக்கிப் போட விடவில்லை. மருமகள் உலை வைத்தபோது ஒரு பிடி அள்ளி அதில் போட்டேன். பாதி வெளியே சிந்தியது. "வயசாயிடுச்சு மாமா," என்று சிரித்தபடி கூட்டி அள்ளினாள்.

வயசு இல்லை. உனக்குத் தெரியும்.