மாடி சர்வர்

ஜூன் 9, 2008. திங்கள்

பத்துப் பழைய பெட்டிகள் செய்த வேலையை இன்று முதல் ஒரே சர்வர் செய்கிறது! அதற்குள் பத்து வர்ச்சுவல் மெஷின்கள், ஒன்றையொன்று இடிக்காமல் ஓடுகின்றன. என் யோசனை. வந்து மூன்று மாதம்கூட ஆகாத கான்ட்ராக்ட்காரியின் யோசனை! பொம்மனஹள்ளி வரும்வரை பெங்களூர் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட் அம்மாள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

கீழே இருக்கும் பழைய பெட்டிகளுக்குக் 'கீழ்' என்று பெயர், மேலே இருக்கும் புதியதற்கு 'மாடி'. ஆரணிக்காரிக்கு வேறென்ன தோன்றும்? மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் புரோகிராம், அதாவது சர்வீஸ், நின்று ரீஸ்டார்ட் ஆனால், கீழே உட்காரும் ஆபரேட்டர் மஞ்சுநாத்துக்குத் தகவலாக ஒரு எஸ்எம்எஸ் போகும். அந்த ஏற்பாடும் என்னுடையதுதான்.

ஜூன் 10

காலையில் கரண்ட் போய் வந்தது. அதிலிருந்து அந்த சர்வீஸ் விழுந்து விழுந்து எழுகிறது. மெஷின்கள் ஓடுகின்றன, ஆனால் அது எழும்வரை என் திரையில் ஒன்றும் தெரிவதில்லை.

மேனேஜர் ரகுராம் சார் கத்தவில்லை. அதுதான் பயம். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாரும்மா. சரியாகலேன்னா பழைய பெட்டிங்களையே வெச்சிடலாம். உன் கான்ட்ராக்ட் பத்தியும் அப்பவே பேசிக்கலாம்."

பேசிக்கலாம்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா?

ஜூன் 11

மெமரி — நிறைய இருக்கிறது. டிஸ்க் — இடம் இருக்கிறது. பிறகு ஏன்?

ஒன்று மட்டும் வேடிக்கை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் விழவே இல்லை. சர்வீஸுக்குமா பசிக்கும்?

ஜூன் 12

கண்டுபிடித்துவிட்டேன்!

எது எப்போது நடந்தது என்று சர்வரே குறித்துவைக்கும் லாகை முதலிலிருந்து படித்தேன். செவ்வாய்க்கிழமை கரண்ட் போன அந்த ஒரு தடவை தவிர, அது தானாக விழவே இல்லை. ஒவ்வொரு முறையும் யாரோ நிறுத்தச் சொல்லி நின்றிருக்கிறது. யாரோ ஒரு ஆள். சாப்பிடப் போகிற ஆள்! படியில் ஓடினேன். மஞ்சுநாத் ஒரு கையில் போனும் மறு கையில் கீபோர்டுமாக இருந்தார்.

"சர்வீஸை நீங்களா ரீஸ்டார்ட் பண்றீங்க?"

"ஹௌது மேடம், நான்தான். நீங்கதானே மெசேஜ் மேல மெசேஜ் அனுப்பறீங்க? கை நோவுது."

போனைக் காட்டினார். ஆங்கில எழுத்தில், 'ரீஸ்டார்ட் மாடி'.

மாடி சர்வரில் ரீஸ்டார்ட் ஆனது என்று நான் தகவல் சொல்கிறேன். கன்னடத்தில் 'மாடி' என்றால் 'செய்யுங்கள்'. மேடம் மரியாதையாகச் சொல்கிறாரே என்று மனுஷன் செய்திருக்கிறார். செய்ததும் அடுத்த மெசேஜ். மறுபடியும் செய்திருக்கிறார். அட கடவுளே, நானே ஏவிவிட்டு, நானே அந்தப் பேயைத் தேடியிருக்கிறேன்! நாங்கள் சிரித்த சிரிப்பில் செக்யூரிட்டி எட்டிப் பார்த்தார்.

"தமிழ்லயும் கன்னடத்துலயும் ஒரே அர்த்தம் வர்ற பேரா ஒண்ணு சொல்லுங்க" என்றேன்.

கொஞ்சம் யோசித்து, "இரு" என்றார்.

ஜூன் 13

பெயரை மாற்றியாகிவிட்டது. விழவில்லை! ரகுராம் சாரிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். சிரித்ததில் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். கான்ட்ராக்ட்? பேச்சே இல்லை.

ஜூன் 30

பழைய பெட்டிகளை லாரியில் ஏற்றிவிட்டார்கள். ரகுராம் சார் என் மேசைப் பக்கம் வந்து, "புது ஐடி கார்டுக்கு ஒரு போட்டோ குடும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மாடியில் 'இரு' இருக்கிறது. நானும்தான்.