பதினான்காம் நம்பர் ஸ்பேனர் எந்த நாடு

பெப்ரவரி 9, திங்கள்

விடிந்ததிலிருந்து காற்று. உப்பளப் பக்கத்துப் புழுதி முழுக்கக் கராஜுக்குள்.

குறிஞ்சிப்பிட்டி பாரூக்கின் தண்ணீர் பம்ப். உள்நட்டைக் கழற்றும்போது 14 ஸ்பேனரின் வளையம் வெடித்தது. ஆந்தை மார்க், ஜெர்மன். தொண்ணூறில் மன்னாரை விட்டுத் துரத்தப்பட்டு வரும்போது இடுப்பில் செருகி வந்தது இது ஒன்றுதான். வேறு எதுவும் அந்த இடுக்கில் நுழையாது.

பாரூக்: "நிசாம் நானாட்ட இப்பிடி ஒண்டு இரிக்கு. கேப்பமா?"

"கேக்கத் தேவையில்ல."

"என்ட வெங்காயம் உங்கட சண்டைக்குக் காயணுமா, நானா?"

நிசாம் என் மனைவியின் தம்பி. ஒரே கராஜில் வேலை செய்தோம். என் ஆந்தை ஜெர்மன், அவனுடைய நங்கூரம் மார்க் இங்கிலாந்து. எது நல்ல இரும்பு என்று தொடங்கிய கதை. கராஜ் இரண்டானது. பேச்சு நின்றது. நான் பிழையாக ஒன்றும் சொல்லவில்லை.

பாரூக் பக்கத்துத் தோட்டத்துப் பம்பை இரவல் வாங்கியிருக்கிறான். மூன்று நாள் தவணை.

பெப்ரவரி 10

காற்று குறையவில்லை. முழங்கால் வலி.

ஆந்தை உடைந்தால் ஆயுளுக்கும் புதிது தருவதாகக் கம்பனியின் வாக்கு. மகள் ரிசானா போனில் கொழும்பு ஏஜென்டுக்கு எழுதினாள். பதில் வந்தது:

– ஆந்தையை ஓர் அமெரிக்கக் கம்பனி வாங்கிவிட்டது.
– இப்போது செய்வது தைவானில்.
– கைப்பிடியில் அடித்திருக்கும் நாட்டின் பெயரைப் படம் பிடித்து அனுப்பவும்.

ஜெர்மன் என்று சொன்ன பிறகு படம் எதற்கு? அனுப்பவில்லை.

அமெரிக்காக்காரன் வாங்குகிறான், தைவான்காரன் அடிக்கிறான், கொழும்புக்காரன் விற்கிறான். அப்படியானால் வாக்கு யாருடையது? இன்னும் தேடச் சொன்னேன்.

"வாப்பா, நங்கூரமும் அவங்கடதான்."

"எவங்கட?"

"அதே அமெரிக்கக் கம்பனி. ரெண்டையும் வாங்கிட்டாங்க."

சோறு ஆறிப் போனது.

பெப்ரவரி 11

புத்தளம் டவுன். பஸ்ஸில் நின்றே போனேன். ஹாட்வெயார் கடையில் புது ஆந்தை, புது நங்கூரம், இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். ஒரே கழுத்து வளைவு. தைவான் என்ற எழுத்தும் ஒரே அச்சு. தராசு கேட்டேன். எடையும் ஒன்று.

கடைக்காரன்: "மாப்பிள பாக்க வந்த மாதிரி இரிக்கீங்க நானா. வாங்கிறதா, பாக்கிறதா?"

"பாக்கிறது."

தடித்த வளையம். பாரூக்கின் பம்ப் இடுக்கில் இரண்டும் நுழையாது.

தைவானில் அடிக்கிறவனுக்கு எது ஆந்தை, எது நங்கூரம் என்று எப்படித் தெரியும்? யாரிடம் கேட்பது?

பெப்ரவரி 12

அஸர் தொழுகைக்குப் பிறகு, உடைந்ததை இடுப்பில் செருகிக்கொண்டு நிசாமின் கராஜ். ஸ்பேனருக்காக அல்ல. அவனுக்கும் இது தெரிய வேண்டும்.

கேட்டுவிட்டுச் சிரித்தான். "அப்ப நாங்க ரெண்டு பேரும் ஒரு முதலாளிக்கா சண்ட பிடிச்ச, மச்சான்?"

"இப்ப வாறதுதான் தைவான். பழசு ஜெர்மன்."

"டேப்பக் கழட்டுங்க, பாப்பம்."

ஒரே கராஜில் இருந்தபோது சாமான் மாறாமல் இருக்கக் கைப்பிடிகளில் டேப் சுற்றினோம். எனக்குச் சிவப்பு, அவனுக்கு நீலம். நாட்டின் பெயர் அதற்கு அடியில். மன்னாரில் முதலாளி தரும்போதே என்னுடையதில் டேப் இருந்தது. அதன் மேல் சுற்றினேனே தவிர, ஒருநாளும் கழற்றியதில்லை.

முதலில் அவனுடையது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தான். ஜெர்மனி.

"பாத்தியா," என்றேன். "ஜெர்மன் இரும்பு உடையாதெண்டு அண்டைக்கே சொன்னன்."

பிறகு என்னுடையது. இந்தியா.

நிசாம் தன் 14-ஐ என் கையில் வைத்தான். என் கராஜில் பாரூக்கின் நட்டு ஒரே திருகில் கழன்றது.

திரும்பிப் போய் நிசாமிடம் ஸ்பேனரைக் கொடுத்தேன். குடிக்கப் பிளேன்டி தந்தான். உடைந்ததன் கைப்பிடியை மூடக் கொஞ்சம் டேப் கேட்டேன். அவனிடம் நீலம் மட்டும்தான். சுற்றினேன்.

சிவப்பு வாங்க வேண்டும். அவசரமில்லை.