பச்சைப் பாய்

மார்ச் 12, வியாழன்

அப்பா ஜப்பானில் பழைய கொண்டோ, அடுக்குமாடி வீடு ஒன்று வாங்குகிறார். அதில் தனியாக இருந்த கிழவர் இறந்து, பல நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்களாம். வீடு விற்கும் முகவர் அதை ஒளிக்காமல் விளம்பரத்தில் எழுதியிருந்தார். வாசித்துச் சொன்னதும் நான்தான். வேண்டாம் என்பார் என்று நினைத்தேன்.

"அதுதான் பாதி விலை," என்று சிரித்தார்.

பெரியப்பா செத்தபோது, துடக்கு, தீட்டு என்று முப்பத்தொரு நாள் எங்களைக் கோயில் பக்கமே விடாதவர் இவர். அதைக் கேட்டேன்.

"உந்தக் கிழவர் எங்கட சொந்தமே? துடக்குச் சொந்தக்காரருக்குத்தானடி."

விளம்பரத்தில் இருந்த படத்தை மறுபடி திறந்தேன்.

படத்தில், அறைத் தரை முழுக்கப் பாய் பதித்திருக்கிறது. ஐந்து பாய்கள் பழுத்து மஞ்சளாகிவிட்டன. சன்னலோரம் ஒன்று மட்டும் புதுப் பாயின் பச்சை. கிழவர் கிடந்த இடம் அதுதான். அந்தப் பாயை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

"ஜூலையிலை எல்லாரும் போய் நிப்பம். ஹோட்டல் காசு மிச்சம்," என்றார் அப்பா.

அம்மா படத்தைத் தொட்டுக் காட்டினார். "இந்தப் பாய் புதுசப்பா. பிள்ளை இதிலை படுக்கட்டும்."

அன்பாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு என் தலையைத் தடவினார்.

செத்தவீட்டுக்குப் போய் வந்தால் முழுகுவதுபோல முழுகிவிட்டு வந்து எழுதுகிறேன். தலை இன்னும் காயவில்லை.