பலூனுக்குள் நான் எழுதியது

அன்புள்ள அம்மா,

இதை அப்பா முன்னால் சத்தமாகப் படிக்காதே. உன் முட்டிவலி தேவலையா? நான் நலம்.

கதாசிரியர் வசனம் தரும்வரை, காமிக்ஸின் பேச்சு பலூன்களில், படம் வரையும் நாங்கள் வாய்க்கு வந்ததைக் கிறுக்கி வைப்போம், பிறகு அழித்துவிடுவோம். இந்தக் கதையின் நாயகிக்கு, எதிர் மேஜையில் வண்ணம் தீட்டும் பெண்ணின் முகம் தானாக வந்துவிட்டது. நாயகன் பலூனில், "மை போட வந்தேன், மையலில் விழுந்துட்டேன்" என்று எழுதினேன். அழிக்க மறந்தேன். பக்கம் நேராக அவள் மேஜைக்கே போய்விட்டது!

அந்தப் பக்கமாக வந்த எடிட்டர் அதை எட்டிப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். "டேய் வாலு, யார் வசனம் இது?"

"கதாசிரியரோடது சார்."

"அவர் இன்னும் எழுதவே இல்லையேடா!"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. வேலை போனாலும் பரவாயில்லை, அவள் பேசாமல் போய்விட்டால்?

என் பழைய போர்வையை அனுப்பு. குளிரெல்லாம் இல்லை, சும்மாதான்.

ஐயோ, பக்கத்தோடு எழுந்து வருகிறாள். கையில் ரப்பர் இல்லை அம்மா, பேனா! நாயகியின் பலூன் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. பயமாயிருக்கிறது, முடிக்கிறேன்.

உன் வாலு