பதின்மூன்றில் எரியும் விளக்கு

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதுவது. நான் நலம். நீயும் மகளும் மருமகனும் குட்டிப்பயலும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பயலுக்குப் பல் முளைத்துவிட்டதாக மகள் போனில் சொன்னாள். பிரசவத்துக்குத் துணையாக மூன்றே மாதம் என்று கிளம்பினாய். பல் முளைத்தும் ஆயிற்று.

வீட்டில் எல்லாம் போட்டது போட்டபடி. கூடத்தில் கிடந்த விமான இறக்கைகள் மட்டும் ஷெட்டுக்குப் போய்விட்டன. நீ திட்டிக்கொண்டே தாண்டிப் போகும் இடத்தில் இப்போது நடப்பதற்கு நிறைய இடம் இருக்கிறது. நடக்கத்தான் ஆளில்லை. ஒரு வேளை சமைத்து மூன்று வேளை சாப்பிடுகிறேன்.

நான் ஷெட்டில் கட்டிக்கொண்டிருந்த விமானம் முடிந்துவிட்டது என்றே சொல்லலாம். சான்றிதழ் கொடுக்கும் இன்ஸ்பெக்டர் போன வாரம் வந்தார். எடை பார்க்க இரண்டாவது இருக்கையில் மணல் மூட்டை வைக்கச் சொன்னார். அறுபத்திரண்டு கிலோ வைத்தேன். கோபித்துக்கொள்ளாதே, நீ சொல்லும் எடையை நம்பி ஆகாயத்தில் ஏற முடியாது. கம்பிகளில் நீ எழுதி ஒட்டிய பெயர்ச்சீட்டுகளைப் பார்த்து, அச்சடித்த மாதிரி இருக்கிறதே, யார் கையெழுத்து என்று கேட்டார். என் வீட்டுக்காரி என்றேன். அவர்கள் எங்கே என்றார். வந்துவிடுவாள் என்று சொல்லிவைத்தேன்.

அப்புறம்தான் வினை. எல்லாக் கருவிகளுக்கும் மின்சாரம் பிரிந்து போகும் செப்புப் பட்டையில் ஒரு சிவப்பு விளக்கு வைத்திருக்கிறேன் அல்லவா, வோல்ட் குறைந்தால் எரிவதற்கு? என்ஜின் ஓடும்போது பதினான்கு இருக்கும். பதின்மூன்றுக்குக் கீழே இறங்கினாலே எரிய வேண்டும். ஆனால் என்ஜின் மெதுவாக ஓடினாலும் அது எரிந்து எரிந்து நச்சரித்தது. தொல்லை பொறுக்காமல் பதினொன்றுக்கு இறக்கி வைத்தேன். அதன்பிறகு ஒரே நிம்மதி.

இன்ஸ்பெக்டர் என்ஜினை ஓடவிட்டு, மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரின் கம்பியைக் கழற்றச் சொன்னார். பாட்டரி மட்டும் எல்லாக் கருவிகளையும் சுமந்தது. அரை மணி நேரம் விளக்கு எரியவே இல்லை. ரேடியோ கரகரத்து அடங்கியது. அதற்கப்புறம்தான் எரிந்தது. அவர் கோபப்படவில்லை. "தலைக்கு மேல வெள்ளம் போனப்புறம் சொல்ற விளக்கு எதுக்குங்க? நச்சரிக்கிற வரைக்கும்தான் நமக்கு நேரம் இருக்கு," என்றார்.

அவர் போனபிறகு வெகுநேரம் ஷெட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். விளக்கைப் பற்றி யோசிக்கவில்லை.

மூன்று வருடம் நீ என்னென்னவோ சொன்னாய். ஞாயிற்றுக்கிழமையாவது வீட்டில் இருங்கள் என்றாய். உன் கண் ஆபரேஷனுக்குத் தனியாகப் போய்வந்தாய். போன வருடம் சொல்வதையே நிறுத்திவிட்டாய். பரவாயில்லை, பழகிவிட்டாள் என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன், மடையன். ஊருக்குக் கிளம்பும்போது, போய் இறங்கியதும் போன் பண்ணு, வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். "இனிமே சொல்றதுக்கு ஒண்ணுமில்லைங்க," என்றாய். அன்றைக்கும் எனக்கு உறைக்கவில்லை.

மேலே நலம் என்று எழுதியது பழக்கதோஷம். நான் நலமாக இல்லை. நீ இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை. இதையாவது ரேடியோ அடங்குவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்.

விளக்கைப் பதின்மூன்றுக்கு ஏற்றிவிட்டேன். என்ஜின் மெதுவாக ஓடும்போதெல்லாம் எரிகிறது. எரியட்டும். அதன் கீழே மட்டும் பெயர்ச்சீட்டு இல்லை. அதை ஒட்டாமல் சான்றிதழில் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார் இன்ஸ்பெக்டர். என் கோழிக்கிறுக்கலை அவரால் படிக்க முடியாதாம். ஒரு துண்டு வெள்ளை டேப் இத்துடன் வைத்திருக்கிறேன். என்ன எழுதுவதென்று நீயே பார்த்துக்கொள். தபாலில் அனுப்பினாலும் போதும். கையோடு கொண்டுவந்தால், திட்டுவதை எல்லாம் மிச்சம் வைக்காமல் கொண்டு வா.

மணல் மூட்டையை இருக்கையிலிருந்து இறக்கிவிட்டேன்.

பயலுக்கு என் முத்தம். மகளுக்கும் மருமகனுக்கும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
கேட்கக் காத்திருக்கும்
உன் வீட்டுக்காரன்