ஆர்ச்சி எண்ணிய தலைகள்

அக்டோபர் 8, சனி

இன்று ஆர்க்கில்பெக் டவுன் மைதானத்தில் இருந்தவர்கள்: நுழைவாயிலில் ஆர்ச்சி. தேநீர்க் கொட்டகையில் கிளப்பின் தலைவி க்ளென்னிஸ். கூரைக்குக் கீழே பதினொரு பேர் (கூரையில் ஓட்டை மூன்று). கோல் கம்பத்துக்குப் பின்னால் இருபத்தாறு பேர். எதிரணியோடு வந்த பாவப்பட்டவர்கள் ஒன்பது பேர். கம்பியில் சாய்ந்து நின்றவர்கள் எட்டு பேர். அப்புறம் என் கணவர் வில்ஃப். ஆக ஐம்பத்தேழு. நாய் இரண்டு.

நான் இந்தக் கணக்கில் இல்லை. நான் ஆட்டம் பார்க்கப் போகவில்லை, வில்ஃபைப் பார்க்கப் போனேன். "ஆட்டம் பார்க்கலாம், கத்தக்கூடாது" என்று அவருடைய இதய மருத்துவர் சொல்லியிருக்கிறார். பாதிரியாரிடம் பிரசங்கம் பண்ணாதே என்று சொன்ன மாதிரி.

நம் பையன்கள் பந்தை நன்றாகத் துரத்தினார்கள். பந்துதான் ஒத்துழைக்கவில்லை. மூன்றுக்குச் சுழி, தோல்வி.

முடியும் நேரத்தில் ஒலிபெருக்கியில் ஆர்ச்சி: "இன்றைய வருகை நூற்று நாற்பத்தொன்று. அத்தனை பேருக்கும் நன்றி." சுற்றிப் பார்த்தேன். மிச்சம் எண்பத்து நான்கு பேர் பரலோகத்திலிருந்து பார்த்தார்கள் போலிருக்கிறது.

அக்டோபர் 9, ஞாயிறு

சர்ச் ஆராதனைக்கு முப்பத்திரண்டு பேர். யாரும் அதை எண்பது என்று அறிவிக்கவில்லை.

அக்டோபர் 12, புதன்

நூலகத்திலிருந்து கால்பந்து விதிப் புத்தகம் எடுத்து வந்து, துவைத்த துணி காய்வதற்குள் படித்து முடித்தேன். ஆஃப்சைட் எனக்குப் புரிந்துவிட்டது. போன வார நடுவருக்குத்தான் யாராவது சொல்ல வேண்டும்.

அக்டோபர் 15, சனி

ஐம்பத்தொன்பது பேர். அறிவிப்பு: நூற்று முப்பத்தெட்டு. வில்ஃப் நான்கு முறை கத்தினார். இருமல் என்று சாதித்தார்.

ஆட்டம் முடிந்ததும் க்ளென்னிஸ் என்னைக் கொட்டகைக்குள் கூப்பிட்டு ஒரு படிவத்தை நீட்டினாள். மைதானக் குத்தகை மார்ச்சில் முடிகிறதாம். சராசரியாக நூறு பேராவது வருகிறார்கள் என்று காட்டாவிட்டால் நகராட்சி அங்கே வீடு கட்டப்போகிறது. கிளப் குழுவில் இல்லாத ஒருவர் எண்ணிக்கைக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"சர்ச்சுல பத்தொன்பது வருஷமா வருகைப் பதிவேடு எழுதுறவங்க நீங்க. உங்க கையெழுத்துன்னா மறுபேச்சே இருக்காது, எட்னா."

"அறுபது பேர்கூட வரலையே, க்ளென்னிஸ்."

"ஆர்ச்சி எண்ணிருக்கார்ல?"

"அப்ப ஆர்ச்சி பொய் சொல்றார்."

திரும்பினால், வாசலில் தேநீர்க் கோப்பையோடு ஆர்ச்சி. எழுபத்தொன்பது வயது. கோபமில்லை, அதுதான் மோசம். சட்டைப்பையிலிருந்து தலை எண்ணும் சின்னக் கருவியை எடுத்துக் காட்டினார். "பொய்யா? ஒவ்வொரு தலைக்கும் ஒரு அழுத்து அழுத்துறேன், கண்ணு. நாயைக்கூடச் சேக்கிறதில்ல. சேத்தா அது ஏமாத்து."

வீட்டுக்கு வரும் வழியில் வில்ஃப் ஒரே ஒரு தடவைதான் பேசினார். "முப்பத்தாறு வருஷமா நான் நிக்கிற இடம் அது. அது போச்சுன்னா சனிக்கிழமை என்னை எங்க வைப்ப? அலமாரியிலயா?"

அக்டோபர் 18, செவ்வாய்

வில்ஃப் இன்னும் பேசவில்லை. இதயத்துக்கு நல்லதுதான்.

ஜெபித்தேன். பொய்க் கையெழுத்துப் போடமாட்டேன், அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்த மனுஷனின் சனிக்கிழமையை நானே பிடுங்கவா? ஆண்டவர் பதில் சொல்லவில்லை. அவரும் ஆர்ச்சியிடம் எண்ணிக்கை கேட்டுக்கொண்டிருப்பார்.

அக்டோபர் 22, சனி

ஆர்ச்சியை விட்டு நகராமல் கூடவே நின்றேன். எங்கே ஏமாற்றுகிறார், பார்த்துவிடலாம் என்று.

வாசலில் அவர் எண்ணுவதே இல்லை. சீட்டுக் கிழிக்கவே கை போதவில்லை. எண்ணுவது இடைவேளையில். நம் அணி இரண்டாம் பாதியில் எதிர்ப்பக்கத்துக் கோலுக்கு அடிக்கப்போகிறது அல்லவா, கோலுக்குப் பின்னால் நிற்கும் கூட்டம் கொடி, குடை, நாய் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அந்தக் கோடிக்குப் போகும். போகிற வழி ஒன்றுதான், கொட்டகை மூலை. அங்கே நின்று ஆர்ச்சி அழுத்துகிறார்.

வில்ஃப் கடந்தார்: ஒரு அழுத்து. தேநீருக்குத் திரும்பி வந்தார்: இன்னொன்று. கோப்பையோடு போனார்: இன்னொன்று. சர்க்கரை மறந்து வந்தார். எடுத்துக்கொண்டு போனார். என் கணவர் ஒருவரே ஐந்து பேர். சமையலறையில் எனக்கு அது முன்பே தெரியும்.

மெதுவாகத்தான் சொன்னேன், என் எண்ணிக்கையையும் சேர்த்து. ஆர்ச்சி கருவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப ஏழு வருஷமா நான் பொய்யா சொல்லிருக்கேன்?"

என் வாய்க்கு எப்போதும் வேகம் அதிகம். இன்று நிதானித்தது. "இல்லங்க. நீங்க ஏமாந்தீங்க, அவ்வளவுதான். ஏமாத்தல. பொய்யுன்னு சொன்னது என் தப்பு. மன்னிச்சிருங்க."

"மன்னிக்க என்ன இருக்கு, கண்ணு," என்று கருவியை என் கையில் வைத்துவிட்டு ஒலிபெருக்கிக்குப் போனார். "இன்றைய வருகை..." என்றார். ரொம்ப நேரம் கரகரவென்று சத்தம் மட்டும். "ஐம்பத்தாறு."

அப்புறம் கோல் பக்கத்திலிருந்து ஒருத்தன்: "அப்ப ஆளுக்கு ரெண்டு மடங்கு கத்துங்கடா!"

கத்தினார்கள். வில்ஃபும் கத்தினார். நான் தடுக்கவில்லை. ஏன் தடுக்கவில்லை? தெரியவில்லை. நான்குக்குச் சுழி, தோல்வி.

அக்டோபர் 24, திங்கள்

க்ளென்னிஸ் வந்தாள். கண் சிவந்திருந்தது. "உண்மையை எழுதினா மைதானம் போச்சு. பொய்யை எழுதினா உங்க பேரு போச்சு. என்னதான் பண்றது?"

படிவத்தை என்னிடம் விட்டுப் போகச் சொன்னேன்.

அக்டோபர் 29, சனி

ஒன்றுக்கு ஒன்று, சமன்! எதிரணிக்காரனே நமக்குப் போட்டுக் கொடுத்த கோல்தான். இருந்தாலும் கோல் கோல்தானே.

சாப்பிட்டதும் புது நோட்டை விரித்து உட்கார்ந்தேன். "அந்த ஓரக் கம்பியில நிப்பாங்களே, அவங்க பேரு என்ன?" என்று வில்ஃபைக் கேட்டேன்.

முறைத்தார். அப்புறம், "வயலட். புருஷன் போனதுக்கப்புறம் ஒரு ஆட்டம் விட்டதில்ல. பக்கத்துல ஒரு ஆள் இடம் காலியா விட்டுத்தான் நிப்பா. பாத்தியா?"

பார்த்திருக்கிறேன். எண்ணியும் இருக்கிறேன், ஒன்று என்று.

ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே போனார். இரண்டு வாரத்துப் பேச்சையும் ஒரே மூச்சில் தீர்த்துவிட்டார். நாய்களின் பெயரும் சொன்னார். அவற்றை மட்டும் எழுதவில்லை. ஆர்ச்சி ஒத்துக்கொள்ளமாட்டார்.

அக்டோபர் 31, திங்கள்

படிவத்தோடு நகராட்சிக்கு அனுப்பிய கடிதத்தின் நகல்:

ஐயா,

எங்கள் மைதானத்துக்கு நூறு பேர் வருவதில்லை. இதுவரை அனுப்பிய எண்கள் தவறாக எண்ணப்பட்டவை. எண்ணியவர் நேர்மையானவர், அதற்கு நான் சாட்சி. போன சனிக்கிழமை இருந்தவர்கள் ஐம்பத்தெட்டு பேர். வெளியூரிலிருந்து வந்த எட்டுப் பேரைத் தவிர மற்ற ஐம்பது பேரின் பெயர், முகவரி, எத்தனை வருடமாக வருகிறார்கள் என்ற விவரம் எல்லாம் இணைப்பில் உள்ளது. நூற்றுக்கு நாற்பத்திரண்டு குறைகிறது. இருப்பவர்களில் யார் வேண்டாம் என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

கடைசிப் பெயர் என்னுடையது. நான்கு வாரமாக வருகிறேன்.

மார்ச்சுக்குப் பிறகு சனிக்கிழமை மூன்று மணிக்கு நாங்கள் எங்கே நிற்பது? தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.