மூடாமல் விட்ட இடம்

ஹைதராபாத்,
செவ்வாய் மாலை

அன்புள்ள மாதங்கிக்கு,

நான் சௌக்கியமாகவே இருக்கிறேன். உன் முழங்கால் வலி தணிந்ததா? திருவையாற்றில் மழை நின்றதா?

இன்று காலை ஆஸ்பத்திரி சர்வர் அறையில் ஒரு சிறு சம்பவம், கவலைப்படாதே. ஒரே பெட்டிக்குள் எட்டு சர்வர் கம்ப்யூட்டர்கள் புத்தகங்களைப் போல நெருக்கமாகச் செருகியிருக்கும். பழுதான ஒன்றை உருவி, மேசைமேல் வைத்துப் பரிசோதித்தேன். பத்து நிமிடத்தில் மற்ற ஏழும் சூடேறி, விசிறிகள் அலறத் தொடங்கின.

மேலதிகாரி பூமிகா ஓடி வந்தார். "தியேட்டர்ல ஆபரேஷன் நடக்குது சார். இது நின்னா அங்க ஸ்கேன் படம் தெரியாது. என்ன பண்ணீங்க?"

செய்ததையெல்லாம் வழக்கம்போல் நோட்டில் எழுதியிருந்தேன். கடைசி வரியிலிருந்து மேலே படித்தேன். தவறு என்னுடையதுதான். உருவிய இடத்தை நான் மூடவில்லை. மடை உடைந்தால் கடைமடைக்குத் தண்ணீர் ஏறாதே, அதுபோலக் குளிர்காற்று மற்றவற்றுக்குள் போகாமல் அந்த ஓட்டை வழியே ஓடிவிட்டது. மூடி கைவசம் இல்லை. நோட்டுக்கு அடியில் வைத்து எழுதும் அட்டையை அங்கே செருகினேன். விசிறிகள் மெல்ல அடங்கின.

பூமிகா அட்டையைப் படித்துச் சிரித்தார். "'அனுப்புநர் மாதங்கி, மேலவீதி'ன்னு இருக்கு. மேடம்தான் சார் இன்னிக்குக் காப்பாத்துனாங்க!"

என் பிழையை எழுதிக் கொடுத்துவிட்டேன். வேலையில் வைத்துக்கொள்வார்களா, தெரியவில்லை.

நாளை சரியான மூடி வந்ததும் அட்டையை எறிந்துவிடுவார்கள். அது தீபாவளிக்கு நீ உன் கையால் முகவரி எழுதி அனுப்பிய பார்சல் பெட்டியுடையது. முடிந்தால் கொஞ்சம் நார்த்தங்காய் அனுப்பு. முகவரியைக் கூரியர்க்காரரிடம் விடாமல் நீயே எழுது.

கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உன்,
வாஞ்சிநாதன்